ஒரு கல் உப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த உப்பு சார் நல்லது?" பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் கேட்டவர் எழுந்து போவதில்லை. கடல் ஏன் கரிக்கிறது, காந்தி ஏன் உப்பைப் பிடித்தார், கருவாடு ஏன் கெடுவதில்லை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வேதியியல் வகுப்பிலும் வீட்டுத் திண்ணையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நாம் பாறையாகவே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பொருள் உப்பு ஒன்றுதான். அதனாலேயே அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

உப்பு என்பது உண்மையில் என்ன?

சோடியமும் குளோரினும் சேர்ந்தது. இரண்டையும் தனித்தனியே பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத சேதி. சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். காற்றுப் படாமல் மண்ணெண்ணெயில் போட்டு வைக்க வேண்டும், ஒரு துண்டு தண்ணீரில் விழுந்தால் சீறிப் பாய்ந்து தீப்பிடிக்கும். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படை அதைத்தான் திறந்துவிட்டது. இந்த இரண்டும் கைகோத்தால் ரசத்துக்குப் போடுகிற உப்பு.

கறுப்புத் தாளில் நாலு கல் உப்பைப் போட்டு ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். விளிம்புகள் நேராக, மூலைகள் செங்கோணமாக, கட்டம் கட்டமாகத் தெரியும். உடைத்தாலும் சின்னக் கட்டங்களாகவே உடையும். ஏன் என்பதை 1913இல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கண்டுபிடித்தவர் லாரன்ஸ் பிராக். உள்ளே ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் சுற்றி ஆறு சோடியம் என்று சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கியிருக்கிறது. இது இதன் ஜோடி என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. தந்தையோடு சேர்ந்து அவர் 1915இல் நோபல் பரிசு பெற்றபோது வயது 25.

கடல் கரிக்கிறது, ஆறு ஏன் கரிப்பதில்லை?

ஆற்று நீரிலும் உப்பு இருக்கிறது, நாக்குக்குத் தெரிகிற அளவில் இல்லை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே அமிலமாக விழுகிறது. அது பாறையை மெல்ல மெல்லக் கரைத்து, கரைத்ததை ஆற்றோடு கடலுக்கு அனுப்புகிறது. கடலிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆறு நிற்காமல் ஓடுகிறது. கடலுக்கு ஓட இடமில்லை.

இது பாதிக் கதை. ஆறுகள் கொண்டுவருவதில் கால்சியம்தான் அதிகம், ஆனால் கடலில் மேலோங்கி நிற்பவை சோடியமும் குளோரினும். கால்சியம் எங்கே போனது? சங்கும் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை எடுத்துத் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. சோடியத்தை அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குளோரினில் பெரும்பங்கு பூமியின் ஆதி எரிமலைகள் கக்கிய வாயுக்களிலிருந்து வந்தது. கடலடி வெந்நீர் ஊற்றுகளும் தங்கள் பங்குக்குத் தாதுக்களைச் சேர்க்கின்றன. அந்த ஊற்றுகளைக் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே 1977இல்தான் மனிதர்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் சுமார் 35 கிராம் மிஞ்சும். அதில் 27 கிராம் அளவுக்குச் சோற்றுப்பு, மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். உலகக் கடல்களின் உப்பு முழுவதையும் அள்ளி உலகின் நிலப்பரப்பு முழுவதும் பரப்பினால் 150 மீட்டருக்கு மேல் உயரும்.

அப்படியானால் கடல் நாளுக்கு நாள் கூடுதலாகக் கரித்துக்கொண்டே போகிறதா?

இந்தக் கேள்வியை ஒரு பெரிய ஆள் கேட்டிருக்கிறார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலிதான். கடல் எவ்வளவு வேகத்தில் உப்பேறுகிறது என்று அளந்தால் பூமியின் வயதையே சொல்லிவிடலாமே என்று 1715இல் அவர் எழுதினார். 1899இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி கணக்கை நிஜமாகவே போட்டு, 8 முதல் 9 கோடி ஆண்டு என்று விடை சொன்னார். உண்மையான வயது சுமார் 454 கோடி ஆண்டு.

அவர் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. உப்பு வருகிறது என்று மட்டும் எண்ணினார், போகிறது என்று எண்ணவில்லை. கடலுக்கு வரும் உப்பில் ஒரு பகுதி சேற்றோடு அடியில் படிகிறது. இன்னொரு பகுதி கடலடிப் பாறையோடு வினைபுரிகிறது. வேறொரு பகுதி, உள்வாங்கிய கடலின் குட்டைகள் வற்றும்போது பாறையாக உறைந்துவிடுகிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு தொடர்பு அறுந்து மத்தியதரைக் கடலே பெருமளவு வற்றியது. அப்போது படிந்த உப்பு இன்றும் அதன் அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாகக் கிடக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்கட்டுவதால் கடலின் கரிப்பு நெடுங்காலமாக அதிகம் மாறவில்லை. தவறான விடை என்றாலும் ஜோலியின் கணக்கு எனக்குப் பிடிக்கும். அது எங்கே தவறியது என்று தேடிப் போனதில்தான் கடலின் வரவு செலவே நமக்குப் புரிந்தது.

உப்பளத்தில் உப்பு எப்படி விளைகிறது? வெயிலில் தண்ணீர் காய்ந்தால் போதாதா?

போதாது. கடல்நீரை அப்படியே காயவிட்டால் கிடைப்பது கசப்பும் கரகரப்புமான ஒரு கலவை. அதில் ஒவ்வொரு உப்பும் தனக்கென்று ஒரு நேரம் பார்த்துத்தான் கரைசலை விட்டுப் பிரிகிறது. அந்த நேரம் தெரிந்தவர்தான் அளத்துக்காரர்.

தூத்துக்குடிப் பக்கம் கடல்நீரையோ, ஆழ்குழாயில் வரும் உவர்நீரையோ முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவார்கள். வெயிலும் கடற்காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அடுத்தடுத்த பாத்திகளுக்கு அதை நகர்த்துவார்கள். முதலில் சுண்ணாம்பு படியும். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியும். இவை இரண்டும் விழுந்து முடிந்த பிறகு, பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய நீரைத்தான் உப்பு விளையும் பாத்திக்குள் விடுவார்கள். அடர்த்தியை ஒரு கண்ணாடி மிதவையை விட்டுப் பார்ப்பது வழக்கம். கடல்நீரில் 3 டிகிரி காட்டும் அது, 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு உறையத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் விடக்கூடாது. விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து விழுந்து உப்பு கசந்துபோகும். ஆகவே மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட்டுத்தான் உப்பை வாருவார்கள்.

பாத்தியின் தரையும் லேசுப்பட்டதல்ல. பருவம் தொடங்கும்போது களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தளம் போட்டதுபோல் இறுக்குவார்கள். தளம் சரியில்லை என்றால் உப்போடு சேறும் வரும். வாருகிறவர் நீண்ட கழி பூட்டிய மரப்பலகையால் பாத்தியின் அடியை அளந்து அளந்து இழுப்பார். ஒரு விரல் ஆழம் தவறினால் மண் கிளம்பிவிடும். இழுத்த உப்பை வரப்பில் குவித்து, தண்ணீர் வடிந்ததும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். இந்தச் சுமையில் பெரும்பகுதி பெண்களின் தலையில்தான். காலை பத்து மணிக்கு மேல் கீழே வெள்ளையும் மேலே வெயிலுமாகக் கண் கூசும். உப்புநீரில் நின்ற பாதம் வெடித்து, அந்த வெடிப்பில் மறுநாளும் உப்புநீர் ஏறும். ஒரு கிலோ உப்பின் விலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

இந்திய உப்பில் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. உலக அளவில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா.

உப்பளத்துத் தண்ணீர் சில இடங்களில் ரோஜா நிறமாக இருக்கிறதே, சாயக் கழிவா?

இல்லை, அது உயிர். மற்ற எதுவும் பிழைக்க முடியாத அடர்ந்த உப்புநீரில் வாழ்வதற்கென்றே சில நுண்ணுயிர்கள் உண்டு. டுனாலியெல்லா என்ற பாசி வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, கேரட்டில் உள்ள அதே நிறமியைத் தனக்குள் நிரப்பிக்கொள்கிறது. கூடவே சிவந்த நிறமி கொண்ட உப்பு நுண்ணுயிர்களும் பெருகும். நீர் சிவந்தால் வெயிலை அதிகம் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சுண்டும்.

இந்தப் பாசியைத் தின்பது உப்புநீர் இறால். பாசியையும் இறாலையும் சேர்த்துச் சலித்துத் தின்பது பூநாரை. அதன் சிறகின் சிவப்பு பிறவியில் வந்ததல்ல, குஞ்சுகள் சாம்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். தின்ற தீனியின் நிறம்தான் இறகில் ஏறுகிறது. கோடியக்கரையில் பனிக்காலத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க வாய்த்தவர்கள், அந்தச் சிவப்பு ஒரு பாசி வெயிலுக்குப் பிடித்த குடை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இமாலய உப்பு, இந்துப்பு என்று ஐந்து மடங்கு பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அது உடம்புக்கு நல்லதா?

இளஞ்சிவப்பு உப்பு இமயமலைச் சிகரத்தில் எடுப்பது அல்ல. பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்பு மலைத்தொடர் என்றே பெயர்பெற்ற குன்றுகளில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வற்றிய ஒரு கடலின் எச்சம் அது. சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. சித்த மருத்துவம் சொல்லும் இந்துப்பும் சிந்துப் பகுதியின் பெயரைத் தாங்கிய பாறை உப்புதான்.

அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடு. மற்ற தாதுக்கள் இருப்பது உண்மை, ஆனால் ஒரு நாளைக்குத் தின்னும் ஐந்து கிராமில் அவை எந்தத் தேவையையும் நிரப்பாது. ஒரு பிடி முருங்கைக்கீரை அதைவிட எவ்வளவோ மேல். நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள். ரத்த அழுத்தம் குறையும் என்று நம்பி வாங்காதீர்கள், அது குறைக்காது. சாதாரணமாக அதில் அயோடினும் சேர்ப்பதில்லை.

கல் உப்பு, தூள் உப்பு: எது?

பொருள் ஒன்றுதான். கரண்டிக் கணக்கில் மட்டும் வித்தியாசம் வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருப்பதால் ஒரு கரண்டிக் கல் உப்பின் எடை, ஒரு கரண்டித் தூள் உப்பைவிடக் குறைவு. கல் உப்புக்குப் பழகிய கை தூள் உப்புக்கு மாறினால் முதல் வாரம் குழம்பு கரிக்கும்.

மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது?

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுக்கும். கடல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கத் தொடங்கிவிடும். ஐப்பசியில் ஜாடி அடியில் தேங்கும் நீர் அதன் வேலை. ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்பது நல்ல யோசனைதான். அரிசி கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், குலுக்கும்போது கட்டியையும் உடைக்கும்.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்காதா? ஏன் தனியாகச் சேர்க்கிறார்கள்?

கடற்கரை ஊர்களில் படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். கடல்நீரில் அயோடின் மிக மிகக் குறைவு. மீனும் கடற்பாசியும் அதைத் தங்கள் உடலில் சேர்த்து வைக்கின்றன, உப்பு அப்படிச் சேர்த்து வைப்பதில்லை. பாத்தியில் விளைந்த உப்பில் நம் தேவைக்கு ஏற்ற அயோடின் கிடையாது.

அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை தொங்கும். அதைவிடக் கொடுமை கண்ணுக்குத் தெரியாதது. கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி தடைப்படுகிறது. மழையும் பனியாறும் மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்ட மலை நாடுகளில் இது ஊர் ஊராகப் பரவியிருந்தது. சுவிட்சர்லாந்து 1922இல் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கியது. இந்தியாவில் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் உடன் உழைத்தவர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றதில் அப்படியே இருந்தது. 1962இல் தேசியத் திட்டமே அதன்மேல் எழுந்தது.

எதற்கு உப்பு? ஏழையும் பணக்காரரும் தினமும், ஏறக்குறைய ஒரே அளவில் தின்னும் பொருள் வேறு இல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவான மருந்தை ஒரு நாட்டுக்கே ஊட்ட இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றவில்லை. அயோடின் உப்பை மூடி வையுங்கள், அடுப்போரத்தில் வைக்காதீர்கள். கொதிக்கும்போது போடுவதைவிட இறக்கும்போது போடுவது நல்லது.

உடம்புக்கு உப்பு எதற்கு? எவ்வளவு போதும்?

இந்த வரியை உங்கள் கண் படிப்பதே சோடியத்தால்தான். நரம்பு இழையின் சுவரில் உள்ள நுண்கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்வதுதான் நரம்புச் செய்தி. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து 1952இல் எழுதினார்கள். உள்ளே வந்த சோடியத்தை மறுபடி வெளியே இறைக்கும் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பில் கண்டார். இரண்டு வேலைக்கும் நோபல் கிடைத்தது.

அளவு: நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சாம்பாரில் போட்டது மட்டுமல்ல, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நம் வீடுகளில் உப்பு மீறுவது பெரும்பாலும் இலையின் ஓரத்தில்தான்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு அது நல்லதே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. இதயத் துடிப்பையே பாதிக்கும்.

தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் என்ன? ஆமையும் கடற்பறவையும் குடிக்கின்றனவே?

நம் சிறுநீரகத்தால் கடல்நீர் அளவுக்கு உப்பைச் செறிவாக்கி வெளியேற்ற முடியாது. ஒரு குவளை கடல்நீரின் உப்பைத் தள்ள ஒரு குவளைக்கும் மேல் தண்ணீர் வேண்டும், அதை உடல் தன் கையிருப்பிலிருந்து எடுக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுவது அதனால்தான். கடலாமைக்குக் கண்ணருகே உப்புச் சுரப்பி இருக்கிறது. முட்டையிட வந்த ஆமை அழுகிறது என்று கரையில் சொல்வார்களே, அது உப்பைக் கழிக்கும் நீர். பிச்சாவரத்துக்குப் போனால் வெண்கண்டல் மரத்தின் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். வேர் வடிகட்டியும் மீறி ஏறிய உப்பை அது இலை வழியே கக்கியிருக்கும்.

வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பது வெறும் பாட்டி வைத்தியமா?

இல்லை. இது இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. இந்த ஒரு பதிலை மட்டுமாவது எல்லாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காலராவில் குடல் தண்ணீரை உறிஞ்ச மறந்துவிடுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் வந்த வழியே போய்விடும். ஆனால் குடலின் சுவரில் ஒரு வாசல் அப்போதும் கெடாமல் இருக்கிறது. குளுக்கோசும் சோடியமும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960இல் ராபர்ட் கிரேன் இதை எடுத்துச் சொன்னார்.

1971இல் வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தண்ணீரில் கரைத்து உறவினர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை போன இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஊசியும் பாட்டிலும் இல்லாமல், தாயின் கையிலிருந்த குவளையே மருந்தானது. 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது அவர் மறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமே முதல் தேர்வு. கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டவே கூடாது, குழந்தைக்கு அது ஆபத்து. கரைத்து வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கண் குழி விழுந்து, குழந்தை சோர்ந்து துவண்டால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கருவாடும் ஊறுகாயும் ஏன் கெடுவதில்லை?

உப்பு கிருமியைக் கொல்வதைவிடத் தாகத்தில் வாட்டுகிறது என்று சொல்லலாம். பொருளில் உள்ள தண்ணீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதன் உடலில் உள்ள நீரும் வெளியே இழுக்கப்படும். மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் தேங்கி நிற்பதும் இதே இழுப்புத்தான்.

சம்பளம் என்ற சொல் உப்பிலிருந்து வந்ததா?

சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் 'சம்பளம்' என்பது கேட்க அழகாக இருக்கிறது. உறுதியான சான்று இல்லை. வழிப்பயணத்துக்குக் கட்டும் உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற சொல் வடமொழியில் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. ஆங்கிலத்தில் சம்பளத்துக்கு வழங்கும் 'சாலரி', உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு தொடர்புடையது என்பது சரி. ரோமானியச் சிப்பாய்க்குக் கூலியாக உப்பையே அளந்து போட்டார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. கார்த்தேஜ் நகரை அழித்த ரோமானியர்கள் அந்த மண்ணில் உப்பை உழுதார்கள் என்பதும் அப்படித்தான், பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை.

நம்மிடம் கற்பனை தேவையில்லாத சான்றே இருக்கிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் நெல்லுக்கு நேர் அளவாக உப்பை மாற்றிக் கொடுக்கிறார்கள். உமணர் என்ற உப்பு வணிகர்கள் மாட்டுவண்டித் தொடராக மேட்டு நிலம் நோக்கிப் போகிறார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் பாதையில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. ஔவையார் புறநானூற்றில் ஒரு தலைவனை அதற்கு ஒப்பிடுகிறார். இன்று லாரியின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயரைப் பார்த்தால் எனக்கு உமணர் ஞாபகம் வரும்.

வரி போட ஆயிரம் பொருள் இருக்க, வெள்ளைக்காரன் ஏன் உப்பைப் பிடித்தான்? காந்தி ஏன் அதையே பிடித்தார்?

இரண்டுக்கும் பதில் ஒன்று. உப்பை விட்டுவிட்டு யாராலும் வாழ முடியாது. வெயிலில் உழைக்கிறவனுக்குத்தான் அது அதிகம் தேவை. ஆகவே ஏழையிடமும் தப்பாமல் வசூலாகும் வரி அது.

வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க, சிந்து நதி தொடங்கி மகாநதி வரை 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்க எல்லை போட்டார்கள். சுமார் 12,000 பேர் காவல். அந்த எல்லையின் ஒரு பகுதி உயிருள்ள வேலி. இலந்தை, வேலம், களா, கள்ளி என்று முள்ளாக நட்டு வளர்த்து, ஆள் நுழைய முடியாத சுவராக்கினார்கள். அந்த வேலியை முனைந்து வளர்த்த சுங்க ஆணையர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885இல் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். 1879இல் வேலியைக் கைவிட்டார்கள், வரியைக் கைவிடவில்லை.

1930 மார்ச் 12 அன்று காந்தி 78 பேரோடு சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அறிவித்தார். அறிவிப்பு ஊருக்கு ஊர் போனது. ஊர்க்காரர்கள் கையால் கொடுக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, தொண்டர்கள் வரும் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யார் என்று மரத்தைக் கேட்க முடியுமா? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டுச் சிறைக்குப் போனார். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். உப்பு வரி ஒழிந்தது 1947இல்தான். அந்த நடைப்பயணத்தைப் படிக்கும்போது எனக்குத் தலைவர்களைவிட, இரவில் புளியோதரைப் பொட்டலத்தை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன அந்தப் பெயர் தெரியாதவர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

குல்ஃபி விற்பவர் ஐஸில் ஏன் உப்பைப் போடுகிறார்?

உப்பு கலந்த நீரின் உறைநிலை கீழே இறங்கும், மைனஸ் 21 டிகிரி வரைக்கும்கூட. ஐஸ் உருகத் தொடங்கி, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து இழுத்துக்கொள்ளும். பால் உறைந்துவிடும்.

அன்னாசியிலும் கொய்யாவிலும் உப்புப் போட்டால் இனிக்கிறதே?

சோடியம் நாக்கில் கசப்பை அடக்குகிறது. கசப்பு விலகியதும் அடியில் இருந்த இனிப்பு மேலே தெரிகிறது.

பிள்ளைகளுக்கு உப்பளம் காட்ட வேண்டும். எப்போது, எப்படிப் போவது?

வடகிழக்குப் பருவமழை முடிந்து பாத்திகளைத் தயார்செய்த பிறகு, மாசியிலிருந்து புரட்டாசி வரை வேலை நடக்கும். நல்ல விளைச்சல் பங்குனி, சித்திரையில். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையிலேயே இருபுறமும் பாத்திகள் தெரியும். வேதாரண்யம் பக்கம் போகிறவர்கள் அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பெடுத்த இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

விடிந்தவுடன் போய்விடுங்கள், எட்டு மணிக்கெல்லாம் வெயில் கடுக்கும். முதலில் அனுமதி கேளுங்கள். வரப்பில் மட்டும் நடங்கள், பாத்திக்குள் இறங்கினால் மிதித்து இறுக்கிய தளம் கெடும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் வைக்காதீர்கள். வேலை செய்கிறவர்களுக்கு நிழல் கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் தூரத்தில் இருக்கும். ஆகவே இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போனால் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளையைப் பாத்தி ஓரத்தில் குந்தவைத்து, நீரின் மேற்பரப்பைக் கொஞ்ச நேரம் அசையாமல் பார்க்கச் சொல்லுங்கள். காற்று நின்ற வேளையில், கண்ணெதிரே, நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைச் சதுரங்கள் மிதந்து வளர்ந்து, கனம் தாங்காமல் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும்.